புதிய ஏசி வாங்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்ச் முதல் மே வரை கொழும்பில் இரவிலும் வெக்கை தணிவதில்லை. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பழுதான ஏசியை மாற்றும்போது எந்த நிறுவனத்தின் இயந்திரத்தை வாங்கலாம் என்று கேட்கின்றன. அறையின் அளவும் கூரையும், பொருத்த வருபவரின் வேலையும் சரியாக இல்லாவிட்டால் எந்த நிறுவனத்தின் இயந்திரமும் தன் திறனைக் காட்டாது. ஆகவே, அவற்றைப் பற்றிக் கேட்ட கடிதங்களையே இங்கு முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தொடர்மாடி வீட்டில் உள்ள ஏசிக்குப் பன்னிரண்டு வயதாகிறது. ஒவ்வொரு வருடமும் காஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போகிறார்கள். இனியும் திருத்திப் பயன்படுத்தலாமா, மாற்றிவிட வேண்டுமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஏசியில் உள்ள காஸ், மோட்டார் வாகனத்தின் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. எங்கும் கசிவு இல்லாவிட்டால் இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் அதே அளவிலேயே இருக்கும். ஆகவே வருடந்தோறும் காஸ் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். அந்த ஓட்டையைத் தேடி அடைக்காமல் காஸை மட்டும் நிரப்பிப் பணம் வாங்குவது திருத்த வேலை ஆகாது. அடுத்த முறை வருபவரிடம், நைதரசன் வாயுவை அழுத்தத்தில் ஏற்றிக் கசிவு எங்கே இருக்கிறது என்று காட்டும்படி உறுதியாகக் கேளுங்கள்.

கசிவு குழாய்களின் இணைப்பில் இருந்தால் அதைச் சிறிய செலவில் சரிசெய்யலாம். உள்ளே இருக்கும் குளிர்ச்சுருள் அரித்துப்போய்க் கசிகிறது என்றால், பன்னிரண்டு வயதான இயந்திரத்துக்குப் புதிய சுருள் வாங்கிப் போடுவது பயன் தராது. காஸை அழுத்திச் சுற்றச் செய்யும் கொம்பிரசர் எரிந்துபோன நிலைக்கும் இதே பதில்தான். மாறாக, கப்பாசிற்றர், விசிறி மோட்டார் போன்ற உறுப்பு மட்டும் பழுதாகியிருந்தால், அதற்காக முழு இயந்திரத்தையும் மாற்றச் சொல்பவரின் ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

இயந்திரத்தின் வெளிப்பகுதியில் ஒட்டியிருக்கும் தகட்டையும் பாருங்கள். அதில் ஆர்-22 என்று இருந்தால் முடிவு எளிதாகிவிடும். ஓசோன் படலத்தைப் பாதிக்கும் இந்த வாயுவை, 1987ஆம் ஆண்டின் மொன்ட்றியல் உடன்படிக்கையின் கீழ் உலக நாடுகள் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. இலங்கை போன்ற வளர்முக நாடுகள் இவ்வகை வாயுக்களின் பாவனையை 2025இல் 67.5 சதவீதம் குறைக்கவும் 2030இல் ஏறக்குறைய முற்றாக நிறுத்தவும் வேண்டும். இனிமேல் அந்த வாயு அரிதாகவே கிடைக்கும் என்பதால் அத்தகைய இயந்திரத்தில் பெருந்தொகை செலவிட வேண்டாம். கழற்றும் நாளில் பழைய காஸைக் காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். அதை உருளையில் மீட்டெடுக்கும் கருவி இருக்கிறது. ஒரு கிலோ ஆர்-22, வளிமண்டலத்தை வெப்பமாக்குவதில் ஏறத்தாழ 1,800 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமானது.

கேள்வி: மேல்மாடியில் 14 அடிக்கு 14 அடி அறை. மேலே கொங்கிறீட் தட்டு. 24,000 பீ.டி.யூ. குளிர்விக்கும் திறனுள்ள இயந்திரம் போட்டால் விரைவாகக் குளிரும் என்று கடையில் சொல்கிறார்கள். பெரியதாகவே வாங்கிவிடலாமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். கடைக்காரர் சொல்வதைப் போல அறை விரைவாகக் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் கொழும்பில் நம்மை வருத்துவது வெப்பத்தைக் காட்டிலும் ஈரப்பதன். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது, அதன் குளிர்ச்சுருள் தொடர்ந்து குளிர்ந்திருந்து, அதன்மேல் படியும் நீர் வடிந்து வெளியேறும்போதுதான். அளவுக்கு மீறிய இயந்திரம் சில நிமிடங்களிலேயே வெப்பநிலையைக் குறைத்துவிட்டு நின்றுவிடும். ஈரம் அறையிலேயே தங்கிவிடும். உடம்பில் கசகசப்புப் போகாததால் இருப்பவர்கள் ரிமோட்டில் 18 பாகைக்கு இறக்குவார்கள். அதன் பின் போர்வையும் வேண்டியிருக்கும், மின்பட்டியலும் ஏறும், சுவரில் பூஞ்சணமும் பிடிக்கும். அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் கொம்பிரசரின் ஆயுளும் குறையும்.

மணிக்குப் பன்னிரண்டாயிரம் பீ.டி.யூ. என்பது ஒரு தொன், அதாவது 3.5 கிலோவாற் அளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். நிழலான, கீழ்மாடியில் உள்ள 120 சதுர அடி அறைக்கு 9,000 போதும். மேற்கு வெயில் படும் அதே அளவு அறைக்கு 12,000 தேவைப்படலாம். உங்கள் 196 சதுர அடி அறைக்கு, கொங்கிறீட் தட்டையும் கணக்கிலெடுத்தால் 18,000 பொருத்தமாக இருக்கும் என்பது என் மதிப்பீடு. அறையில் வழக்கமாக எத்தனை பேர் உறங்குகிறார்கள், யன்னல் எந்தத் திசையில் எவ்வளவு பெரியது, கூரை எத்தகையது என்பவற்றைக் கேட்காமல் சதுர அடியை மட்டும் வைத்து அளவு சொல்பவரிடம் மேலும் விசாரியுங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடலே மணிக்கு ஏறக்குறைய 350 பீ.டி.யூ. வெப்பத்தை வெளிவிடுகிறது.

இயந்திரத்துக்கு முன் கூரையைக் கவனிக்கும்படி உங்களைச் சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கொங்கிறீட் தட்டு, நள்ளிரவு தாண்டியும் அந்த வெப்பத்தைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சைப் பூசுங்கள். அஸ்பெஸ்டோஸ் கூரை உள்ள வீடுகளில், சீலிங்குக்கு மேலே அலுமினியத்தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு விரிப்பைப் போடலாம். பழைய கொழும்பு வீடுகளில் கதவுக்கும் யன்னலுக்கும் மேலே காற்றுத்துவாரங்கள் இருக்கும். அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி போடுவது தெருவைக் குளிர்விக்கும் முயற்சியாகிவிடும். கண்ணாடி வைத்து மூடுங்கள். இவற்றைச் செய்த பிறகு ஒரு படி சிறிய இயந்திரமே போதுமென்று தெரியவரக்கூடும்.

கேள்வி: இன்வேர்ட்டர் ஏசிக்கு அதிக விலை கேட்கிறார்கள். அந்தப் பணம் உண்மையிலேயே மின்பட்டியலில் திரும்பி வருமா?
— வாசகர், வத்தளை

பதில்: இன்வேர்ட்டர் என்பது கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வகை. பணம் திரும்புவது, நாள்தோறும் எத்தனை மணித்தியாலம் பாவிப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. படுக்கையறையில் இரவு முழுவதும் ஓடுமானால் திரும்பி வரும். கணக்கைப் பாருங்கள். 3.5 கிலோவாற் வெப்பத்தை அகற்றப் பழைய இயந்திரம் 1.3 கிலோவாற் மின்சாரம் எடுத்தால், திறன் கூடிய புதிய இன்வேர்ட்டர் அதே வேலைக்கு 0.9 கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கும். ஓர் இரவில் ஐந்து மணித்தியால முழுச் சுமைக்குச் சமமான வேலை என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்குப் பழையதில் 195 அலகுகளும் புதியதில் ஏறக்குறைய 131 அலகுகளும் செலவாகும். நம் நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் அமைந்திருப்பதால், மிச்சமாகும் அந்த அறுபத்துச் சொச்ச அலகுகளும் உங்கள் பட்டியலின் மிக விலை கூடிய படியிலிருந்தே குறையும். உங்கள் கடைசி மூன்று பட்டியல்களை எடுத்து, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

விருந்தினர் வரும்போது மட்டும் பாவிக்கும் அறைக்கு இன்வேர்ட்டர் வேண்டியதில்லை. எந்த இயந்திரமானாலும் 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிடுவதே நல்லது. இன்வேர்ட்டரின் மின்பலகை, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போதும் இடிமின்னலின்போதும் எளிதில் பழுதாகும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம் என்பதால் மின்னெழுச்சித் தடுப்பானையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய செப்புக்குழாய்கள் சுவருக்குள் நல்லபடியே இருக்கின்றன. அவற்றிலேயே புதிய இயந்திரத்தைப் பொருத்தலாம் என்கிறார் வேலையாள். வீடு கடலுக்கு அருகில்.
— வாசகி, தெகிவளை

பதில்: இந்தக் கடிதத்துக்குத்தான் சற்று விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதிய ஏசிகள் சில வருடங்களிலேயே கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் பொருத்தும் நாளில் காட்டும் அவசரமே காரணம்.

புதிய இயந்திரங்களில் வரும் ஆர்-32, ஆர்-410ஏ ஆகிய வாயுக்கள், பழைய ஆர்-22ஐவிட ஏறக்குறைய 1.6 மடங்கு அழுத்தத்தில் இயங்குகின்றன. அத்துடன், பழைய குழாய்களின் உட்சுவரில் படிந்திருக்கும் கனிம எண்ணெய், புதிய கொம்பிரசருக்கான எண்ணெயுடன் சேராது. ஆகவே, இயன்றவரை புதிய குழாய்களைப் போடுவதே சரி. சுவரை உடைக்கவே முடியாது என்றால் மட்டும், பழைய குழாய்களின் தடிப்பும் விட்டமும் புதிய இயந்திரத்தின் கையேட்டில் சொல்லியிருப்பதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, உள்ளே நன்றாகக் கழுவி, முனைகளைப் புதிதாக வெட்டி விரித்து, நைதரசன் அழுத்தத்தில் சோதித்த பின் பயன்படுத்தலாம்.

அதன் பின் வருவது வெற்றிடமாக்கும் வேலை. குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து முழுமையாக இழுத்து வெளியேற்ற வேண்டும். பம்பு கொண்டு வராமல், இயந்திரத்தின் காஸையே சிறிது திறந்து காற்றைத் தள்ளிவிட்டு வேலையை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சும் ஈரம் எண்ணெயுடன் கலந்து அமிலமாகிக் கொம்பிரசரின் கம்பிச்சுற்றை அரிக்கும். கேடு வெளியே தெரிய இரண்டு மூன்று வருடம் செல்லும், அதற்குள் பொருத்தியவரின் பொறுப்புக்காலம் முடிந்திருக்கும். ஆகவே பம்பு ஓடுவதையும், அதை நிறுத்திய பின் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்பதையும் நீங்களே அருகில் நின்று பாருங்கள். அதற்காக வேலையாள் மனவருத்தப்பட்டாலும் பரவாயில்லை. ஆர்-32 மெதுவாக என்றாலும் தீப்பற்றக்கூடியது என்பதால், அந்த வாயுவில் பயிற்சி பெற்றவரா என்றும், தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டா என்றும் கேட்பதில் தவறில்லை.

உங்கள் கடற்கரைப் பகுதியில் உப்புக்காற்று, வெளி இயந்திரத்தின் அலுமினியத் தகடுகளை விரைவில் தின்றுவிடும். அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள மாதிரியை வாங்கி, கடலைப் பார்க்காத பக்கச் சுவரில் வையுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். தாங்கும் இரும்புச் சட்டமும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். மேல்மாடியிலிருந்து விழுந்தால் கீழே நடப்பவர்களின் உயிருக்கு ஆபத்து. பின்புறமும் முன்புறமும் காற்றுக்கு இடம் விடுங்கள். தொடர்மாடிகளின் ஒடுங்கிய காற்றறைக்குள் பலர் தங்கள் இயந்திரங்களை வரிசையாக மாட்டும்போது, ஒன்று தள்ளும் வெப்பக்காற்றையே மற்றொன்று இழுத்துக்கொள்கிறது. முகாமைத்துவக் குழுவுடன் பேசி இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மின்னிணைப்பையும் மறக்க வேண்டாம். ஏசிக்குத் தனியான பிரேக்கரும், வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து நேராக வரும் தகுந்த தடிப்புள்ள வயரும், புவித்தொடுப்பும் வேண்டும். பழைய ப்ளக்கில் சொருகி ஓட்ட விடாதீர்கள்.

கேள்வி: நுவரெலியாவில் எங்கள் குடும்பத்துக்குப் பழைய வீடு ஒன்று உண்டு. கணப்படுப்பு புகைகிறது, மின்ஹீற்றர் செலவு தாங்கவில்லை. அங்கு ஏசியால் சூடேற்றலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஏற்றலாம், இயந்திரம் குளிர்விக்கவும் சூடேற்றவும் கூடிய வகையாக இருந்தால். நம் சந்தையில் குளிர்விக்க மட்டுமே செய்யும் மாதிரிகள் பல இருப்பதால் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். மின்ஹீற்றர் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பத்தைத் தரும். சூடேற்றும் ஏசியோ வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வருவதால், நுவரெலியா இரவுக் குளிரிலும் ஏறக்குறைய மூன்று அலகு வெப்பத்தைத் தரக்கூடியது. ஆனால் முதலில் கதவு யன்னல் இடுக்குகளையும், பயன்படுத்தாத புகைபோக்கியையும் அடைத்துவிடுங்கள். பூட்டிய அறைக்குள் கரி நெருப்பு மட்டும் வைக்காதீர்கள்; அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

கேள்வி: கடையில் பணம் கட்டுவதற்கு முன் எவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்?
— வாசகி, மட்டக்குளி

பதில்: கொம்பிரசருக்கான உத்தரவாதமும் மற்ற உறுப்புகளுக்கான உத்தரவாதமும் வெவ்வேறு காலத்துக்கு இருக்கும், பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கொம்பிரசருக்கு மட்டுமே. இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வாங்குங்கள். விலையில் எத்தனை அடி குழாய் அடங்கும், மேலதிக அடிக்கு எவ்வளவு, சட்டமும் வயரும் பிரேக்கரும் சேர்ந்தவையா, பழைய இயந்திரத்தை யார் கழற்றி எடுத்துச்செல்வார்கள், பொருத்தியதில் கசிவு வந்தால் யார் பொறுப்பு என்பனவும் பற்றுச்சீட்டிலேயே வரட்டும்.

வடிநீர்க் குழாய் எங்கே போய் முடியும் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். அது தொடர்ச்சியான சரிவுடன் வடிகானுக்குள் இறங்க வேண்டும். பல்கனியில் வாளி வைத்து நீரைப் பிடிப்பவர்கள் அதை நாள்தோறும் ஊற்றிவிட்டு, வாளியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது, அத்தகைய நீர் தேங்கும் பாத்திரங்களின் உட்சுவரில்தான்.