கடவுச்சொல் சரி, ஆனால் திரை திரும்பி வருகிறது

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஐசிடி ஆசிரியை கேட்கிறார்: "எங்கள் கணினிக் கூடத்தில் ஒரு சேர்வரும் ஹார்ட் டிஸ்க் இல்லாத 14 தின் கிளையண்டுகளும் (சேர்வரை நம்பி ஓடும் சிறு கணினிகள்) உள்ளன. விடுமுறையில் பழைய உபுண்டு இயங்குதளத்தை எடுத்துவிட்டு உபுண்டு 24.04உம், ஒரே சேர்வரிலிருந்து கிளையண்டுகளை இயக்கும் எல்டிஎஸ்பி மென்பொருளின் புதிய பதிப்பும் போட்டோம். இப்போது பிள்ளைகள் லொகின் செய்தால் திரை கறுத்து, மறுபடி லொகினுக்கே வருகிறது. 4 ஜிபி ராம் உள்ள இரண்டில் மட்டும் பிரச்சினை இல்லை. மற்றவை 1 ஜிபி. எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடவா?"

வேண்டாம், டீச்சர். கடவுச்சொல் பிழையென்றால் அப்படியே சொல்லியிருக்கும். ஏற்றுக்கொண்ட பிறகுதான் டெஸ்க்டொப் விழுகிறது.

பழைய எல்டிஎஸ்பியில் மென்பொருள்கள் சேர்வரில் ஓடின. கிளையண்ட் படத்தை மட்டும் காட்டியது. 2019இல் அதைப் புதிதாக எழுதியபோது அந்த முறையை விட்டுவிட்டார்கள். இப்போது சேர்வர் கொடுப்பது இமேஜை, அதாவது முழு இயங்குதளத்தையும் ஒரே கோப்பாக்கிய பிரதியை மட்டும்தான், ஓடுவதெல்லாம் கிளையண்டின் சொந்த ராமில். டிஸ்க் இல்லாததால், ராம் நிரம்பும்போது கைகொடுக்கும் ஸ்வொப் இடமும் இல்லை. தற்காலிகக் கோப்புகள்கூட ராமிலேயே குந்திக்கொள்ளும். உபுண்டு 24.04 டெஸ்க்டொப்புக்கு 4 ஜிபி வேண்டும் என்று உபுண்டுக்காரர்களே சொல்கிறார்கள்.

ஊகத்தில் விடாமல் கண்ணால் பாருங்கள். 1 ஜிபி மெஷின் ஒன்றில் கொன்ட்ரோல், அல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். ஒரு மாணவரின் பெயரில் நுழைந்து 'ஃப்ரீ -எம் -எஸ் 1' (free -m -s 1) கட்டளையை ஓடவிடுங்கள். அப்புறம் கொன்ட்ரோல், அல்ட்டோடு எஃப்1ஐ அழுத்திப் போய் இன்னொரு மாணவராக லொகின் செய்துவிட்டு, அதேபோல் எஃப்3க்குத் திரும்புங்கள். விநாடிக்கு ஒரு தடவை எண்கள் புதிதாக வந்திருக்கும். கடைசி நிரலில் ராமின் மிச்சம் ஐம்பது, அறுபது எம்பிக்கு இறங்கியிருந்தால் காரணம் ராம்தான்.

அப்படியென்றால், சேர்வரில் குறைந்த ராமில் ஓடும் எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டொப்பை நிறுவி, அதையே வழக்கமான டெஸ்க்டொப்பாக வையுங்கள். ராமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் சிராம் (zram) வசதியைப் போட்டால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். பிறகு 'எல்டிஎஸ்பி இமேஜ்' கட்டளையைச் சாய்கோட்டுடன் (ltsp image /) ஓட்டி, கிளையண்டுகளை மறுதொடக்கம் செய்யுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: சேர்வரில் செய்த மாற்றம் புதிய இமேஜ் எடுக்காமல் கிளையண்டுக்குப் போகாது.

உண்மையைச் சொன்னால், 1 ஜிபியில் லொகின் நடக்கும், ஆனால் ஃபயர்பொக்ஸில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு முட்டும். மட்டக்களப்புப் பக்கம் பழைய ராம் கிடைத்தால், மெஷினின் வகையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபியாவது சேருங்கள்.

மிச்ச ராம் குறையாமலே லொகின் விழுந்தால், மாணவர்களின் கோப்புகள் இருக்கும் சேர்வரின் ஹோம் பகுதி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தாலும் திரை இப்படித்தான் திரும்பும்.