பயமா இருக்குண்ணே! மரம் ஏறுறவங்க கேள்வி பதில்

மரம் ஏறுறவங்களும் மரம் வெச்சிருக்கறவங்களும் கேள்வி அனுப்பலாம்னு போன மாசம் இந்தப் பக்கத்துல சொல்லியிருந்தோம். கடலூர், பாண்டி ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்துருக்கு. பதில் சொல்ற நான் பெருசா படிச்ச ஆளு இல்லீங்க, 32 வருஷம் அரியாங்குப்பத்த சுத்தி தேங்கா பறிச்சவன், இப்ப முட்டி போச்சு, கீழ நின்னு பசங்களுக்கு சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்கேன். மருந்து, மாத்திரை விஷயம் மட்டும் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டு எழுதுறேன்.

கேள்வி: ஏற ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆவுதுண்ணே. ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் லேசா காத்து அடிச்சாலே மேல கால் நடுங்குது, கூட இருக்கற பசங்க கிண்டல் பண்றாங்க. இந்த பயம் எப்படி போவும்? (25 வயசு வாசகர், பாகூர்)

போவாது தம்பி. எனக்கு கடைசி மரம் வரைக்கும் போவல. கிண்டல் பண்றானுங்களே, அவனுங்கள தனியா கூப்ட்டு கேட்டுப்பாரு, அவனுங்களுக்கும் நடுங்கும், வெளிய சொல்ல மாட்டானுங்க.

நீ பயப்படறதுல நியாயமும் இருக்கு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டி கிட்ட கரைய கடந்துச்சு, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, மண்ணு கூழா போயிருச்சு. அன்னிக்கு விழுந்த மரத்த எல்லாரும் பாத்தோம், விழாம நிக்கற மரத்த யாரும் பாக்கல. அதுலதான் ஆபத்து. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்னிக்கு அடிச்சிதுல்ல, அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு நான் ஒரு மரம் ஏறுனேன், பாக்க நல்லா பச்சையாதான் இருந்துச்சு, மேல போய் மட்டைய புடிச்சேன், மட்டை அடியோட கையில வந்துருச்சு. புயல்ல கொண்டை முறுக்கி உள்ள விட்டுப்போயிருக்கு, அந்த காயத்துல சிவப்பு கூன்வண்டு பூந்து தின்னுருக்கு. நான் விழுந்தது நனைஞ்ச வாய்க்கா மேட்டுல, காறை எலும்பு ஒடஞ்சதோட தப்பிச்சேன்.

அதுலேர்ந்து நான் மரத்த தொடறதுக்கு முன்னாடி சுத்தி வந்து பாப்பேன். தண்டுல ஓட்டை இருக்கா, அதுலேர்ந்து செவப்பா சாறு வடியுதா, காத வெச்சா உள்ள கறக்கு கறக்குனு கடிக்கிற சத்தம் கேக்குதா, அடியில ஒரு பக்கம் மண்ணு தூக்கியிருக்கா, இதுல ஒண்ணு இருந்தாலும் ஏற மாட்டேன், மரத்துக்காரர் என்ன சொன்னாலும் சரி. நான் ஏறலன்னா இன்னொருத்தன் வருவான்னு சில பேர் சொல்வாங்க. வரட்டும்.

இன்னொண்ணு கேட்டுக்க. தண்டுல ஏறும்போது விழுறவன் கொறைவு, ஏன்னா மரத்த கட்டி புடிச்சிருக்க, கால்ல தளைக்கயிறு இருக்கு. தண்ட விட்டுட்டு மட்டைக்கு கை மாறுது பாரு, அந்த ஒரு நிமிஷந்தான் ஆள சாப்புடுது. பழுத்த மட்டைய கையால தொடாத, அருவாளால தட்டி கீழ தள்ளிரு. பச்சை மட்டையையும் நுனிகிட்ட புடிக்காத, அடியில தண்டு கிட்ட புடி, ஒரே நேரத்துல ரெண்டு மட்டை, அதுவும் முதல்ல இழுத்துப் பாத்துட்டு. 50 அடி மரத்துலேர்ந்து விழுந்தா தரைக்கு வர ரெண்டு செகண்டு கூட ஆவாது, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓடுற பைக்லேர்ந்து விழுற வேகம் அது. நடுவுல எதையாவது புடிச்சிக்கலாம்னு நெனைக்கறதெல்லாம் சினிமால.

காத்து அடிச்சா எறங்கிரு. மேல நின்னு காத்து ஓயட்டும்னு காத்திருக்காத, அப்பதான் கை மரத்துப்போவும். இடி சத்தம் கேட்டா கேள்வியே இல்ல, கீழ வந்து மரத்த விட்டு தள்ளி போயிரு.

கேள்வி: எங்க தென்னையில கதண்டு (பெரிய விஷக்குளவி) கூடு கட்டியிருக்கு. வழக்கமா ஏறுறவர் வர மாட்டேங்கறார். புகை போட்டுட்டு ஏறலாம்னா அதுக்கும் பயப்படறார். வேற ஆள் பாக்கட்டுமா? (தோப்புக்காரர், நெல்லிக்குப்பம்)

வேற ஆள் பாக்காதீங்க சார், வேற ஆளும் மனுஷந்தான்.

தேனீ ஒரு தடவ கொட்டுனா கொடுக்க விட்டுட்டு போயிரும். கதண்டு அப்படி இல்ல, ஒண்ணே திரும்பத் திரும்ப கொட்டும், ஒண்ணு கெளம்புனா கூடே கெளம்பும். கீழ இருக்கறவன் ஓடலாம், மேல இருக்கறவன் எங்க ஓடுவான்? ரெண்டு கையும் மரத்துல இருக்கு, மூஞ்சிய மூட முடியாது, தட்டிவிட கை எடுத்தா போச்சு. புகை போட்டா இன்னும் வெறி புடிச்சு வரும். தீயணைப்பு நிலையத்துக்கு 101க்கு போன் பண்ணி சொல்லுங்க, பெரும்பாலும் பொழுது சாஞ்சு எல்லாம் கூட்டுக்கு திரும்புனதுக்கு அப்புறம் வந்து எரிச்சிட்டு போவாங்க.

யாருக்காவது நெறைய கொட்டு பட்டுச்சுன்னா, மூச்சு எறைக்குது, மூஞ்சி வீங்குதுன்னா ஒரு நிமிஷம் கூட வீட்ல வெச்சிக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல நல்லாதான் இருக்கேன்னு சொன்னாலும் கூட்டிட்டு போங்க, விஷம் ஏறி ரெண்டு நாள் கழிச்சு கிட்னிய பாதிக்கும்னு டாக்டர் சொன்னார். சுண்ணாம்பு தடவிட்டு படுத்தவங்கள நானே பாத்துருக்கேன்.

கேள்வி: கரண்ட் கம்பி பக்கத்துல மரம் இருக்கு, ஜாக்கிரதையா பறிச்சா போதாதா? (வில்லியனூர்)

போதாது. பச்சை மட்டையில ஈரம் இருக்கு, அது கம்பி மேல சாஞ்சா கரண்ட் மரம் வழியா வரும். மரம் ஏறுற மெஷின்ல ஏறுனா அது இரும்பு வேற. கரண்ட் ஆபீஸ்ல சொல்லி லைன நிறுத்துன அப்புறம் ஏறுங்க. நிறுத்திட்டாங்கனு மரத்துக்காரர் வாயால சொன்னா நம்பாதீங்க, லைன்மேன் சொல்லணும்.

கேள்வி: எங்க தோப்புல ஒருத்தர் விழுந்துட்டார். தூக்கி உக்கார வெச்சு மொகத்துல தண்ணி தெளிச்சு, குடிக்கவும் குடுத்தோம். இப்ப இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்ல. நாங்க செஞ்சது தப்பா? (பெயர் வேணாம், கடலூர் முதுநகர் பக்கம்)

இத படிச்சிட்டு ரொம்ப நேரம் பேனாவ எடுக்கல. உங்க மேல தப்பு சொல்ல எனக்கு வாய் வரல, விழுந்தப்பவே தண்டுவடம் போயிருக்கும், ஊர்ல எல்லாரும் செய்யறததான் நீங்களும் செஞ்சீங்க. அடுத்தவங்களுக்காக சொல்றேன். விழுந்தவர தூக்காதீங்க, உக்கார வைக்காதீங்க, கழுத்தும் முதுகும் அசையவே கூடாது. தலைய ரெண்டு பக்கமும் கையால புடிச்சுக்கிட்டு அப்படியே கெடக்க விடுங்க. மூச்சு இருக்கானு பாருங்க. தண்ணி குடுக்காதீங்க, ஆபரேஷன் தேவைப்படலாம், பொறையும் ஏறலாம். 108க்கு போன் பண்ணும்போதே மரத்துலேர்ந்து விழுந்தவர்னு சொல்லிருங்க. பைக்ல நடுவுல உக்கார வெச்சு கூட்டிட்டு போறாங்க பாருங்க, அதான் பாதி பேர படுக்கையில போடுது.

கேள்வி: நான் குறிஞ்சிப்பாடி, வயசு 31. மெஷின் வெச்சு மரம் ஏற கத்துக்கணும்னு ஆசை. பொம்பளைங்க ஏறலாமாண்ணா? மெஷின்னா பயமே இல்லையாமே?

தாராளமா ஏறலாம்மா. கேரளாவுல எத்தனையோ பேர் ஏறுறாங்க. தென்னை வளர்ச்சி வாரியம் 2011லேர்ந்து தென்னை மரத்தின் நண்பர்கள்னு பயிற்சி குடுக்குது. விருத்தாசலத்துல இருக்கற வேளாண் அறிவியல் நிலையத்துல போய் விசாரிங்க, பாண்டிக்காரங்களுக்கு குரும்பாப்பட்டுல இருக்கு. மரம் ஏறுறவங்களுக்குனு வாரியத்துல கேர சுரக்ஷானு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு, பிரீமியத்துல பெரும்பங்கு அவங்களே கட்டுறாங்க. பயிற்சிக்கு போற அன்னிக்கே அத பத்தியும் கேட்டுட்டு வாங்க. நான் ஏறுன காலத்துல எனக்கு எவனும் சொல்லல.

மெஷின்னா பயமே இல்லேங்கறது கடைக்காரன் பேச்சு. ரெண்டு கால்லயும் ஒவ்வொரு சட்டம், ஒவ்வொண்ணுலேர்ந்தும் ஒரு இரும்பு கயிறு மரத்த சுத்தி வருது, ஒரு கால்ல எடைய வெச்சு மத்தத கையால மேல தூக்கணும். மேல போவப் போவ மரம் சிறுக்கும், கயிறு லூஸ் ஆவும், நடுவுல நின்னு டைட் பண்ணணும், இத பாதி பேர் சோம்பேறித்தனத்துல விட்டுடறாங்க. பெல்ட் இல்லாம ஏறாதீங்க. ஆனா பெல்ட்ல தொங்கிட்டாலும் காப்பாத்தியாச்சுனு அர்த்தம் இல்ல, அசையாம ரொம்ப நேரம் தொங்குனா ரத்தம் கால்ல தேங்கி மயங்கிருவாங்க. அதனால கீழ எப்பவும் ஒரு ஆள் வேணும், சும்மா வேடிக்கை பாக்கற ஆள் இல்ல, எறக்கத் தெரிஞ்ச ஆள்.

கேள்வி: நான் பனை ஏறுறவன். எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளு எறக்குனா தொழிலு, இந்தப் பக்கம் எறக்குனா கேசு. விழுந்தா கூட உண்மைய சொல்ல முடியல. என்ன பண்றது? (கடலூர் மாவட்டம்)

உங்க வலி புரியுது. தமிழ்நாட்டுல 1987லேர்ந்து கள்ளுக்கு தடை, பாண்டியில கள்ளுக்கடைய அரசாங்கமே ஏலம் வுடுது. நடுவுல ஒரு வரப்புதான், மரத்துக்கு அது தெரியாது. சட்டம் சரியா தப்பாங்கற சண்டைய வேற எடத்துல வெச்சுக்கலாம், எனக்கும் ஒரு கருத்து இருக்கு. ஆனா ஒளிஞ்சு ஏறுறவன் எப்ப ஏறுவான்? இருட்டுல. கருக்கு மட்டை தொடைய அறுக்கறது தெரியாது, பாளையில பாம்பு சுத்தியிருக்கறது தெரியாது, கீழ ஆள் வெச்சுக்க முடியாது. நுங்கு வெட்டப் போனேன்னு பொய் சொல்லி ஆஸ்பத்திரியில படுத்தவர எனக்கு தெரியும். பதநீருக்கு ஏறுங்க, கலயத்துல சுண்ணாம்பு தடவுங்க, பனைமரத் தொழிலாளர் நல வாரியத்துல பேர பதிஞ்சு வைங்க. வருமானம் கொறையும், ஒத்துக்கறேன்.

கேள்வி: முருங்கை மரத்துல ஏறி காய் பறிக்கலாமா? (பண்ருட்டி)

அதுல வேதாளம் மட்டுந்தான் ஏறலாம். தொரட்டி எடுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 48 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு, இன்னும் ஏறுறார். காலையில வெறும் வயித்துல கெளம்பிடறார். பைக் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. நல்லா இருக்காரானு மணிக்கொரு தடவ போன் பண்றேன், அதுக்கு திட்டுறார். (அரியாங்குப்பம்)

எங்க ஊர்க்காரங்களா, சரி. என் வீட்லயும் இப்படித்தான் இருந்தாங்கக்கா.

சுகர் மாத்திரைய போட்டுட்டு சாப்புடாம ஏறுனா சுகர் எறங்கும், கண்ணு இருட்டும், வேர்க்கும், மேல இருக்கறவருக்கு அது வெயிலா சுகரானு கூட தெரியாது. சில பிரஷர் மாத்திரைக்கு திடீர்னு எழுந்தா தலை சுத்தும். அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்தக்கூடாது, மரம் ஏறுற ஆளுனு டாக்டர்கிட்ட சொல்லணும், பல பேர் வேலை என்னனு கேட்டா கூலினு மட்டும் சொல்லிட்டு வந்துடறாங்க. நாலு இட்லி சாப்புட வெச்சு அனுப்புங்க, சட்டை பையில ரெண்டு மிட்டாய் போட்டு விடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரச் சொல்லுங்க. அப்புறம் இன்னும் ஒரே ஒரு மரந்தான்னு தோப்புக்காரர் கேப்பார் பாருங்க, கை தளர்ந்தப்புறம் ஏறுற அந்த மரத்துக்கு முடியாதுனு சொல்லச் சொல்லுங்க.

போன் விஷயத்துல அவர் திட்டுறது சரிக்கா. மேல இருக்கும்போது பையில போன் அடிச்சா கை தானா போவும். நானே ஒரு தடவ அப்படி கைய விட்டுட்டு, பல்லால மட்டைய கடிச்ச கதையெல்லாம் உண்டு. போன கீழ வெச்சிட்டு ஏறச் சொல்லுங்க. மரத்தடியில தேங்கா பொறுக்கறவங்க நம்பர வாங்கி வெச்சுக்குங்க, அவங்களுக்கு அடிங்க.