பினாமிப் படைகளையும் அவற்றை ஏவிவிடும் நாடுகளையும் மற்ற நாடுகள் எப்படிச் சமாளிக்க வேண்டும்?

ஐஏஎஸ் பரீட்சைக்குக் குறிப்பு எடுக்கிறீங்கன்னு நினைக்கிறேன். சட்டமெல்லாம் மத்தவங்க எழுதுவாங்க. நான் ராயபுரத்துக்காரன், சரக்குக் கப்பல்ல ஆயிலர், அதாவது இஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் பாத்துக்கிறவன்.

2024 ஜனவரி. யெமன்ல இருக்கிற ஹூதி ஆயுதக் குழு செங்கடல் பக்கம் கப்பல்களை அடிச்சிட்டிருந்த நேரம். சூயஸ் தாண்டி தெற்கே வந்துட்டிருந்தோம். கப்பல் எங்க இருக்கு, எங்க போகுதுன்னு எல்லாருக்கும் காட்டுற ஏஐஎஸ் கருவியில, போற துறைமுகம் பேர் வரவேண்டிய இடத்துல "இஸ்ரேல் தொடர்பு இல்லை"ன்னு அடிச்சு வெச்சிருந்தார் கேப்டன். ஏவுகணைக்குப் படிக்கத் தெரியுமான்னு குக் கேட்டான், ஒருத்தரும் சிரிக்கல. செங்கடலோட தெற்கு வாசலான பாப் எல் மந்தெப் ஜலசந்தி நெருங்கினதும் வெளி விளக்கெல்லாம் அணைச்சாச்சு. எனக்கு இஞ்சின் ரூம் டியூட்டி, தண்ணி மட்டத்துக்குக் கீழே. மேல குண்டு விழுந்தாலும் அங்க கேக்காது. காதுல மாட்டுறதை அடிக்கடி கழட்டிக் கழட்டிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. அந்த மாசம் 26ஆம் தேதி ஹூதி ஏவுகணை பட்டு 'மார்லின் லுவாண்டா'ங்கிற எண்ணெய்க் கப்பல் எரிஞ்சுது. அதுல 22 பேர் நம்மாளுங்க. நம்ம கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் போய் தீயணைக்க உதவுச்சு.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்வாங்க. ஹூதி விஷயத்துல அது பாதிதான் சரி. ஆயுதம் ஈரானோடது, ஆனா இந்த அம்புக்குச் சொந்த மூளை உண்டு. 2025 மார்ச்லருந்து மே வரைக்கும் அமெரிக்கா குண்டு போட்டுச்சு, ஓமான் பேசி நிறுத்துச்சு. ஜூலையில ரெண்டு கப்பலை ஹூதிங்க மூழ்கடிச்சாங்க. 2024 ஜனவரியில சோமாலியா பக்கம் ஒரு தோணியில ஈரான் ஏவுகணை பாகங்களைப் பிடிச்சாங்களே, அந்த மாதிரி ஆயுதத்தை வழியிலேயே மறிக்கணும். அப்புறம் பணம். தீவிரவாதத்துக்குப் பணம் போறதைக் கண்காணிக்கிற சர்வதேச அமைப்பு எஃப்ஏடிஎஃப், 2018லருந்து 2022 வரைக்கும் பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியல்ல, அதாவது கண்காணிப்புப் பட்டியல்ல வெச்சிருந்தப்போதான், 2020ல லஷ்கர்-இ-தொய்பா தலைவன் ஹபீஸ் சயீதுக்கு நிதி வழக்குல தண்டனை வந்துச்சு. பட்டியல்லருந்து எடுத்த பிறகு பஹல்காம் நடந்துச்சேன்னு கேப்பீங்க. நடந்துச்சு. முழு மருந்துன்னு நான் சொல்லல. அமெரிக்காவுக்கு ஜால்ரான்னு கமெண்ட் போடுறவங்க ஒரு தடவை அந்த இஞ்சின் ரூம்ல நின்னுட்டு வந்து போடுங்க.

இன்னொண்ணு. அந்த ஆபத்துப் பகுதியில போன ரெண்டு நாளுக்கு டபுள் பேசிக், அதாவது ரெண்டு மடங்கு அடிப்படைச் சம்பளம் தரேன்னு எங்க ஏஜென்ட் கையெழுத்து வாங்கினார். ஊருக்கு வந்து பாரிமுனை ஆபீசுக்கு நாலு தடவை நடந்தேன். ஒரு நாள்தான் கணக்காம், இன்னொரு நாள் கப்பல் "எல்லைக்கு வெளியே" இருந்துச்சாம். லாக் புக்கைக் காட்டச் சொன்னேன். சாப்பிடப் போயிட்டார்.