மினி கிரைண்டருக்குத் தண்டு வெல்டிங் கடைக் குப்பையில் கிடக்கிறது

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் சிரட்டையிலும் பனஞ்சிலாகைத் துண்டுகளிலும் கைப்பணிப் பொருட்கள் செய்கிறேன். சிறிய மினி கிரைண்டர் ஒன்று இருக்கிறது. அதனோடு வந்த தலைகள் எல்லாம் தேய்ந்துவிட்டன. சைக்கிள் ஸ்போக்கில் தண்டு செய்து பார்த்தேன். வேகத்தைக் கூட்டியதும் வளைந்து சுழன்றது. பழைய சாமானில் தலைகள் செய்ய வழி உண்டா? மோட்டர் சைக்கிள் மீட்டர் கேபிளில் வளையும் தண்டு செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. தண்டு, தேய்க்கும் தலை, மினுக்கும் தலை ஆகியவற்றை வீட்டில் செய்யுங்கள். வெட்டும் வட்டை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

ஸ்போக் ஏன் வளைந்தது என்று முதலில் பார்ப்போம். சாதாரண சைக்கிள் ஸ்போக் 2 மி.மீ. தடிப்பு. அதை 60 மி.மீ. வெளியே நீட்டி வைத்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 24,000 சுற்றில் அதன் இயல்பான அதிர்வும் சுழற்சியும் ஒத்துப்போய்விடும். நுனியில் பாரம் ஏற்றினால் இன்னும் குறைந்த வேகத்திலேயே அது நடக்கும். உங்கள் கருவி 30,000 வரை போகும். அந்த வேகத்தில் மையத்திலிருந்து 10 மி.மீ. விலகிய ஒரு கிராம் பாரம், தண்டைப் பத்துக் கிலோ கனத்துக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கிறது. 10,000 சுற்றில் அதே இழுப்பு ஒரு கிலோ அளவுதான். எனவே சொந்தமாகச் செய்த தலை எதுவானாலும் 25 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம், 12,000 சுற்றுக்கு மேல் ஓட்டவும் வேண்டாம்.

தண்டுக்கு நல்ல பொருள் வெல்டிங் கடை வாசலில் கொட்டிக் கிடக்கிறது. பத்தாம் கேஜ் வெல்டிங் ரொட்டின் உட்கம்பி 3.2 மி.மீ. உங்கள் கருவியில் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கொலட்டின் அளவும் அதுதான். எரித்து முடித்தபின் எறியும் அடித்துண்டில், மருந்து (வெளிப்பூச்சு) பூசாமல் விட்ட வெறும் கம்பி இரண்டு மூன்று சென்ரிமீட்டர் இருக்கும். உருண்டையான, அரத்துக்கும் வாளுக்கும் இசையும் மெல்லிரும்பு. மருந்து ஒட்டியிருந்தால் தட்டி உதிர்த்துவிட்டு, கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கொலட்டுக்குள் இறுக்கமாகப் போனால் எமரித் துணியால் நாலு தரம் தேய்த்தால் போதும். பழைய டிவிடி பெட்டியில் லென்ஸ் ஓடும் 3 மி.மீ. கம்பி இதைவிட நேரானது. ஆனால் அதற்குக் கொலட்டுக்குப் பதில், பல தடிப்பையும் கவ்வும் சக் வகைப் பிடி வேண்டும். ஆணியில் செய்ய வேண்டாம்: கொண்டைக்குக் கீழே உள்ள பிடிவரிகளால் அது வட்டமாக இராது.

தேய்க்கும் தலை செய்ய 45 மி.மீ. துண்டு எடுங்கள். 20 மி.மீ. கொலட்டுக்குள் போகட்டும். மறு நுனியில், நடுவைக் கீறி அடையாளம் வைத்து, அக்ஸோ (இரும்பு அறுக்கும் வாள்) பிளேட்டால் 13 மி.மீ. ஆழத்துக்குப் பிளந்துவிடுங்கள். புது பிளேட் ஒரு மி.மீ. அகலத்துக்கு வெட்டும். பல்லின் இரு பக்கத்தையும் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்துவிட்டால் வெட்டு ஒடுங்கும். பிளவு நடுவிலிருந்து விலகினால் மெல்லிய பக்கம் ஓட்டத்தில் வெளியே விரியும். அந்தத் துண்டைத் திருத்த முயலாமல் புதிதாக வெட்டுவதே மிச்சம். துணி முதுகுள்ள எமரியில் 12 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளம் வெட்டிப் பிளவுக்குள் செருகி, கரடு வெளியே தெரியச் சுற்றுங்கள்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். நுனியை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கருவி இடஞ்சுழியாக ஓடும். எமரியை உள்ளிருந்து வெளியே வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். அப்போது வால் பின்னால் இழுபட்டு வரும். மாறிச் சுற்றினால் வால் மரத்தில் கொளுவிக் கிழிந்து பறக்கும். சிரட்டைக்கு எமரி இலக்கம் 80, 150, 240, 400 என்று ஏறுங்கள். புகை மணம் வந்தால் வேகம் அதிகம் என்று பொருள், அழுத்தமும் அதிகமாக இருக்கலாம்.

மினுக்கும் தலைக்குத் தேய்ந்த இரப்பர் செருப்பே போதும். 20 மி.மீ. வட்டமாக வெட்டி, இரு பக்கமும் வாஷர் வைத்து, 3 மி.மீ. போல்ட்டில் நட்டால் இறுக்குங்கள். போல்ட்டின் கொண்டையை அறுத்துவிட்டு, மரையில்லாத பகுதியையே சக்கில் பிடிக்க வேண்டும். மரையைப் பிடித்தால் சக் கெடும், தலையும் ஆடும். சாதாரண வலது மரை நட் வேலை செய்யும்போது தானாக இறுகும். 8,000 சுற்றுக்கு மேலே இரப்பர் விரிந்து தட்டத் தொடங்கும்.

இனி மீட்டர் கேபிள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட ஊருக்கு இந்த யோசனை புதிதாக இராது. கேபிளின் உட்கம்பி பல படையாக முறுக்கிய உருக்குக் கம்பி. வெளிப்படையை இறுக்கும் பக்கம் சுழற்றினால்தான் அது பாரம் தாங்கும். மறுபக்கம் சுழற்றினால் படை விரிந்து, உறைக்குள் உப்பிச் சிக்கும். சோதிப்பது எளிது. தூர முனையை வைஸில் பிடித்து, கிட்ட முனையை, மோட்டருக்குப் பின்னால் நின்று பார்க்கையில் அது சுழலும் திசையிலேயே விரலால் முறுக்குங்கள். கம்பி ஒடுங்கி இறுகினால் சரி. உப்பினால் கேபிளைத் தலைகீழாக மாற்றிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். திருகின் பக்கம் எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். வேறு கேபிள் தேட வேண்டும். தையல் இயந்திர மோட்டரை வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு, காபன் பிரஷ்களுக்குப் போகும் இரண்டு வயரையும் மாற்றிப் பொருத்தினால் மோட்டர் எதிர்ப்பக்கம் ஓடும். அப்போது எமரியையும் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். மினுக்கும் தலையின் நட் இறுகுவதற்குப் பதில் கழரும், ஆகவே இரண்டாவது நட் ஒன்று போட்டுப் பூட்டுங்கள்.

கேபிளை அறுக்கும் முன் பெற்றோலால் கிரீஸைக் கழுவி, அறுக்கும் இடத்தில் ஈயம் பற்றவையுங்கள்; இல்லாவிட்டால் அறுத்த மறுநொடி நுனி விரிந்துவிடும். நுனிகளுக்குச் சிறிய பித்தளைக் குழாய் மாட்டி ஈயத்தால் நிரப்பினால் சக் நசுக்காது. பாரம் ஏறும்போது உட்கம்பி நீளம் சிறிது மாறும் என்பதால், ஒரு முனையில் 5 மி.மீ. முன்பின் ஓட இடம் விடுங்கள். கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். 15 செ.மீ.க்குக் குறைந்த வளைவு வேண்டாம். மீட்டர் கேபிள் வண்டியில் ஓடியது மெதுவான வேகத்தில்தான்; 5,000 சுற்றைத் தாண்டினால் உறை சுடும், கைப்பிடி அதிரும். தேய்க்கவும் மினுக்கவும் அது போதும்.

வாங்க வேண்டியது வெட்டும் வட்டு. பெரிய கிரைண்டரின் தேய்ந்த வட்டிலிருந்து 22 மி.மீ. வட்டம் வெட்டிப் போடுவோர் உண்டு. 30,000 சுற்றில் அதன் விளிம்பு வேகம் விநாடிக்கு 35 மீற்றர். மூல வட்டின் எல்லை 80. கணக்கில் தப்பு இல்லை. ஆனால் வெட்டும்போதே உள்ளே உள்ள கண்ணாடி நார் வலை அறுந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும். துளையும் நடுவில் அமையாது. அக்ஸோ பிளேட் துண்டு, சவர பிளேட், பிரேக் கேபிள் இழைத் தூரிகை ஆகியவற்றையும் தலையாகப் பூட்ட வேண்டாம்; மூன்றும் உடைந்து முகத்துக்கு வருபவை. நீங்களே செய்த எந்தத் தலையையும் முதல் ஒரு நிமிடம் பலகைப் பெட்டிக்குள், முகத்தை விலக்கி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டு ஓட்டிப் பாருங்கள்.

முதிரை மரமும் தேய்ப்பீர்கள் என்றால் முகமூடியும் நீளக் கையும் அவசியம். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடி உண்டாக்கும்.

பித்தளைக் குழாய்க்காக நிலத்தில் கிடக்கும் எதையும் எடுக்க வேண்டாம். வன்னியில் வெடிபொருள் அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. ரவைக் கோதுபோல, உருளைபோல எது கண்ணில் பட்டாலும் தொடாமல், அரம் வைக்காமல், இடத்தை அடையாளம் வைத்து பொலிஸ் அவசர எண் 119க்குச் சொல்லுங்கள். பித்தளைக் குழாய் பழைய வானொலி ஏரியலிலேயே வேண்டிய அளவு கிடைக்கும்.