ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது, செய்யலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். கோயில் தமிழ் வகுப்பில் சனிக்கிழமை பாடம் நடத்துபவர். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்.

"தம்பி, கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்த பிறகு டிஸ்க்கில் விளக்கு எரிகிறது, ஆனால் திறக்கப் போனால் ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட், 1 டெராபைட். பதினோரு வருடக் காவடிப் படங்கள், தாத்தாவின் பெயர் உள்ள கப்பல் பயணிகள் பட்டியல் ஸ்கேன், ஆயா பாடிய தாலாட்டு எல்லாம் அதில்தான். கடைக்காரர் வைரஸ் என்கிறார். ஜோகன்னஸ்பர்க் லேபுக்கு அனுப்ப 1,800 ரேண்ட் முன்பணம் கேட்கிறார். அண்ணன் மகனோ பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதை வேறு பெட்டியில் போடலாம் என்கிறான். என்ன செய்ய?"

டீச்சர், கேன்சல் அழுத்துங்கள். டிஸ்க்கைக் கழற்றி மேசை இழுப்பறையில் வையுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

உங்கள் படங்கள் அழிந்துவிடவில்லை, பெரும்பாலும். நடந்தது இதுதான்: வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் பெஞ்சில் இருக்கிறார்கள், வருகைப் பதிவேடு மட்டும் கிழிந்துவிட்டது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று டிஸ்க் தனக்கென ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் எழுதிக்கொண்டிருந்த நொடியில் கரண்ட் போனது. விண்டோஸ் பதிவேட்டைப் புரட்டுகிறது, ஒன்றும் புரியவில்லை, உடனே "பள்ளிக்கூடம் காலி, புதிதாகத் தொடங்கவா?" என்று கேட்கிறது. ஃபார்மேட் என்றால் அதற்குச் சம்மதம் சொல்வது. குவிக் ஃபார்மேட் புதிய வெற்றுப் பதிவேடு வைப்பதோடு நிற்கும். அந்த 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டுச் செய்தீர்களானால், விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்தே விண்டோஸ் அந்த டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடும். பிள்ளைகளையே வெளியே அனுப்பிய மாதிரி. அதற்குப் பிறகு எந்த லேபும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி டிஸ்க்கைக் காதருகே வைத்து ஒரு தடவை செருகிப் பாருங்கள். மெல்லிய சுழலும் சத்தம் மட்டும் என்றால் சரி. டிக், டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்டினால், உள்ளே படிக்கும் முனை இடம் தெரியாமல் தடுமாறுகிறது. உடனே கழற்றுங்கள், கீழே சொல்லும் வீட்டு வைத்தியம் உங்களுக்கில்லை, லேப் பற்றியதை மட்டும் படியுங்கள்.

சத்தம் சரியாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான். சின்ன டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் இல்லை, யுஎஸ்பியிலிருந்துதான் குடிக்கிறது. பழைய யுஎஸ்பி 2 தருவது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. முன்பக்கத் துளையும் நைந்த கேபிளும் சேர்ந்தால் விளக்கு எரியும், டிஸ்க் ஒழுங்காகச் சுற்றாது. பின்பக்கத் துளையில், வேறு கேபிளில், முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் "ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று பரிவோடு கேட்டாலும் வேண்டாம். அது பதிவேட்டைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதும்.

பிறகு ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, பார்க்க மட்டும் செய்யுங்கள். 931 ஜிபி என்று காட்டி, பக்கத்தில் 'ரா' (RAW, பதிவேடு படிக்க முடியவில்லை என்று பொருள்) என்று இருந்தால் (1 டெராபைட் அங்கே 931 ஆகத்தான் தெரியும், யாரும் திருடவில்லை) பதிவேட்டுச் சிக்கல்தான், மீட்கலாம். அளவே காட்டாமல் 'இனிஷியலைஸ்' செய்யச் சொன்னால் சர்க்யூட்டிலோ அதற்கும் ஆழத்திலோ கோளாறு. அதற்கும் தலையாட்டாதீர்கள்.

இப்போது அண்ணன் மகன் விஷயம். அவன் சொல்வது பல டிஸ்க்குகளுக்குச் சரிதான். பெட்டிக்குள் கம்ப்யூட்டருக்குள் இருப்பது போன்ற சாதாரண சாட்டா டிஸ்க் ஒன்று, அதற்கும் யுஎஸ்பிக்கும் நடுவே ஒரு குட்டிச் சர்க்யூட் பலகை. பலகை செத்தால் டிஸ்க்கை எடுத்து வேறு பெட்டியில் போட்டால் உயிர் வரும். ஆனால் உங்களிடம் இருப்பது மை பாஸ்போர்ட். அதன் பல மாடல்களில் நடுவே பலகையே கிடையாது, யுஎஸ்பி துளை டிஸ்க்கின் சொந்தச் சர்க்யூட்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பெட்டியைப் பிரித்தால் வேறெங்கும் செருகச் சாட்டா முனையே இருக்காது. அதைவிட முக்கியமானது, பல மாடல்களில் எழுதும் ஒவ்வொன்றையும் அந்தச் சர்க்யூட் சங்கேத எழுத்தாக்கிப் பூட்டியே எழுதுகிறது. "நான் பாஸ்வேர்டே வைக்கவில்லையே" என்பீர்கள். வைக்காவிட்டாலும் பூட்டுகிறது! பாஸ்வேர்ட் வைத்தால் பூட்டின் சாவிக்கு மேல் இன்னொரு பூட்டு, அவ்வளவுதான். ஆக, சர்க்யூட்டை மாற்றினால் டிஸ்க்கிலிருந்து வருவது வெறும் குப்பை எழுத்து. மேசைமேல் வைக்கும் பெரிய பெட்டிகள் சிலவற்றிலும் இதே கதை, அங்கே பூட்டுவது நடுப்பலகை. அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அண்ணன் மகனுக்கு ஸ்க்ரூ டிரைவர் கண்ணில் படாமல் வையுங்கள்.

அடுத்தது கடைக்காரர். வைரஸ் என்பது காரணம் தெரியாதவர் சொல்லும் காரணம். கரண்ட் போனதை நீங்களே பார்த்தீர்கள், அப்புறம் என்ன வைரஸ்? இந்த ஊரில் 'டேட்டா மீட்பு' என்று பெயர்ப்பலகை தொங்கவிட்ட கடைகளில் பல, மீட்பு செய்வதில்லை. வாங்கி, கூரியரில் அனுப்பி, நடுவில் தங்கள் பங்கை வைக்கிறார்கள். அது குற்றமில்லை, சொல்லிவிட்டுச் செய்தால். சிலர் அனுப்புவதற்கு முன் தாங்களே ஒரு கை பார்க்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். அப்படி ஒரு கடை வழியாக என்னிடம் வந்த டிஸ்க்கில் மூடியின் இரண்டு திருகுகள் இல்லை. திறந்தால் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டில், ஓரத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை. படிக்கும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அதற்கு அந்த ரேகை மலை. அந்தக் குடும்பத்தின் கல்யாண வீடியோ அதோடு சரி.

ஆகவே முன்பணம் கொடுக்காதீர்கள். லேபின் பெயர் என்ன, முடியாவிட்டால் எவ்வளவு, டிஸ்க்கைத் திருப்பித் தரக் கட்டணம் உண்டா, எல்லாம் எழுத்தில் கேளுங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 15ஆம் பிரிவு உங்கள் பக்கம்: மதிப்பீடு கொடுத்து, நீங்கள் சம்மதித்த பிறகுதான் பழுதுக்குக் காசு வாங்கலாம். மதிப்பீடு போடுவதற்கே கட்டணம் என்றால் அதையும் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். சட்டம் இருக்கிறது. புகார் எழுதி, எண் வாங்கி, போனில் பாட்டு கேட்டுக்கொண்டே காத்திருக்கும் தெம்பு யாருக்கு இருக்கிறது என்பது வேறு. வாரண்டியும் அப்படியே. வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் புது டிஸ்க் தருவார்கள், காலியாக. ஆயாவின் குரல் வாரண்டியில் சேராது.

இன்னொன்று: இணையத்தில் தேடிக் கிடைக்கும் உதவி எண்ணுக்கு அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறேன் என்பவனிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்கவும் வேண்டாம்.

'ரா' என்று காட்டி, டிக் டிக் சத்தமும் இல்லை என்றால் வேலை வீட்டிலேயே முடியும். 2 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். அந்த 1,800 ரேண்ட் அதற்குப் போகட்டும். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரை வைத்து முதலில் பழைய டிஸ்க்கை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, புதியதில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மீட்பு வேலை நகலில்தான். டெஸ்ட்டிஸ்க் இலவசம், பதிவேட்டைச் சரிசெய்யப் பார்க்கும். அது தோற்றால் கூடவே வரும் ஃபோட்டோரெக் பெஞ்ச் பெஞ்சாகத் தேடிப் பிள்ளைகளைப் பிடிக்கும், ஆனால் பெயர் தெரியாது. காவடிப் படங்கள் எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு எண்ணுமாக வந்து நிற்கும். பார்த்துப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டியதுதான், வகுப்புப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். பழைய டிஸ்க்கில் மென்பொருளை நிறுவுவதோ மீட்டதை அதிலேயே சேமிப்பதோ கூடாது.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கக் கமிட்டியிடம் கேளுங்கள். லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து நடந்த மின்வெட்டு, ஓய்ந்தது என்கிறார்கள், கேபிள் திருடனிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

பின்பக்கத் துளையில் போட்டுப் பார்த்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புங்கள். எத்தனை ஜிபி காட்டுகிறது என்று தெரிந்தால் அடுத்ததைச் சொல்கிறேன். அதுவரை அது இழுப்பறையிலேயே இருக்கட்டும்.