பாடசாலையில் அமைதி, வீட்டில் அழுகை

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஏஜக்ஸ் நகரில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி ஆகியோருடன் வசிக்கிறேன். மகளுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். மகன் இந்தச் செப்ரெம்பரில்தான் ஜூனியர் கிண்டர்கார்டன் போகத் தொடங்கினான். டிசெம்பரில் பிறந்தவன் என்பதால் அவனுக்கு இன்னும் நான்கு வயது நிறையவில்லை. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கணவர் காலையில் ரயிலேறி நகரத்துக்குப் போனால் வீடு திரும்ப ஆறரை மணி தாண்டிவிடும்.

மகனுடைய மாலைப் பொழுதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க விரும்புகிறேன். ஆரம்பத்தில் பாடசாலை வாசலில் என் கையை விடாமல் அழுதான். அது ஒக்டோபர் பிறப்பதற்குள் நின்றுவிட்டது. ஆசிரியையிடம் விசாரித்தால், "மிகவும் நல்ல பிள்ளை, சத்தமே இல்லை, சொன்னதை அப்படியே செய்கிறான்" என்கிறார். ஆனால் மூன்றரை மணிக்கு வீட்டு வாசலைத் தாண்டியதும் அவன் வேறொரு பிள்ளையாகிவிடுகிறான். ஜக்கற்றின் ஸிப்பை நான் இழுத்தால், தானே இழுக்க வேண்டும் என்று அழுகை. அவனிடம் விட்டால், அது பாதியில் சிக்கிக்கொண்டது என்று அழுகை. அக்கா பிட்டுக் கொடுத்த பிஸ்கற்றை மறுபடி ஒட்டித் தரச் சொல்லி நிலத்தில் புரண்டு அழுதிருக்கிறான். இரவு உணவு வரை இதே கதைதான். மகளோ ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கியதிலிருந்து, அவன் வந்து முகம் கழுவியதும் மாமி அவனை மேசையில் இருத்தி அ, ஆ எழுதப் பழக்குகிறார். அவன் பென்சிலை எறிகிறான். பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று மாமி சொல்கிறார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்றும், இறுக்கிப் பிடித்தால் சரியாகிவிடும் என்றும் கணவர் சொல்கிறார். கொடுத்தனுப்பும் சாப்பாடும் பெரும்பாலும் தொடாதபடியே திரும்பி வருகிறது. போதாததற்கு ஓயாத தடிமன்.

நவம்பரில் மணிக்கூட்டைப் பின்னோக்கித் திருப்பிய பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. ஆறு மணிக்கு எழும்பியவன் இப்போது ஐந்துக்கே எழும்பி என்னையும் எழுப்புகிறான். மாலை ஐந்து மணிக்கே யன்னலுக்கு வெளியே இருட்டு. அந்த நேரத்தில் எனக்கும் எதிலும் மனம் செல்வதில்லை. கோபமும் களைப்பும் மாறிமாறி வருகின்றன. சில மாலைகளில் கராஜுக்குள் போய்க் காரில் தனியாகச் சற்று நேரம் இருந்துவிட்டுத்தான் சமையலைத் தொடர முடிகிறது. சென்ற ஆண்டும் இதே காலத்தில் இப்படித்தான் இருந்தேன் என்று இப்போது நினைவுக்கு வருகிறது.

அவனுக்கு ஏதாவது குறைபாடு இருக்குமா? என்னிடம் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறான்? இந்த ஆண்டு அவனைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு அனுப்பினால் நல்லதா? தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்க்கும்போது மகனிடம் குறைபாடு இருப்பதற்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை. பகல் முழுவதும் தன்னை அடக்கிக்கொண்டிருந்த சிறு பிள்ளை, அடக்க வேண்டிய தேவை இல்லாத இடத்துக்கு வந்ததும் உடைந்துபோவது இந்த வயதில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. உங்களிடம் மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு அழுதாலும் தன்னைக் கைவிடமாட்டார் என்று யாரை அவன் உறுதியாக நம்புகிறானோ அவரிடம்தான் அழுவான். ஆசிரியை பாராட்டிய அமைதியும் நீங்கள் படும் பாடும் ஒரே பகற்பொழுதின் இரண்டு பாதிகள்.

அவன் வயதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பிள்ளை எந்தக் கலண்டர் ஆண்டில் நான்கு வயதை நிறைவு செய்கிறதோ அந்த ஆண்டின் செப்ரெம்பரிலேயே ஜூனியர் கிண்டர்கார்டனில் சேரலாம் என்பதால், டிசெம்பரில் பிறந்த பிள்ளைகள் மூன்று வயதோடு வகுப்புக்குள் போகிறார்கள். பல பாடசாலைகளில் ஜூனியர், சீனியர் இரண்டு பிரிவும் ஒரே அறையில் இருக்கும். ஆகவே உங்கள் மகனுக்குப் பக்கத்தில் இருப்பவர் ஆறு வயதை நெருங்கிய பிள்ளையாகவும் இருக்கக்கூடும். கிண்டர்கார்டன் வகுப்பின் சராசரி அளவு 26 பிள்ளைகள். வழமையாக ஓர் ஆசிரியையும் ஒரு முன்பள்ளிக் கல்வியாளரும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குள் தமிழ் பேசும் வீட்டிலிருந்து போன மூன்று வயதுக்காரன் வரிசையில் நிற்கிறான், முறை வரும்வரை காத்திருக்கிறான், விளங்காத ஆங்கிலத்தை மற்றவர்களைப் பார்த்து ஊகிக்கிறான். இரண்டாவது மொழிச் சூழலுக்குள் புதிதாகப் போகும் பிள்ளைகள் சில மாதங்கள் அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. ஆனால் "சத்தமே இல்லை" என்பதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். கழிவறைக்குப் போக வேண்டுமானால் கேட்கிறானா, விளையாட்டு நேரத்தில் யாரோடாவது சேருகிறானா, சாப்பாட்டுப் பெட்டியை யார் திறந்துகொடுக்கிறார்கள் என்று ஆசிரியையிடம் விசாரியுங்கள்.

பெட்டியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் கண்ணுக்கு உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரி அதுதான். பல பாடசாலைகளில் சாப்பிடுவதற்குக் கிடைப்பது இருபது நிமிட இடைவேளைதான். தேர்மஸ் மூடியைத் திருகித் திறக்க மூன்று வயதுக் கைக்கு வலு போதாது. உதவி கேட்க வாய் வராத பிள்ளை அதை அப்படியே திருப்பி வைத்துவிடும். அப்படியானால் அவன் காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டதோடு மூன்றரைவரை இருக்கிறான், ஒருவேளை சிறுநீரையும் அடக்கிக்கொண்டு. பிஸ்கற்றை ஒட்டித் தரச் சொல்லி அழுததில் பாதி பசி என்றே நான் நினைக்கிறேன். வார இறுதியில் பாடசாலைப் பெட்டியையே மேசையில் வைத்து, அவன் தானாகத் திறந்து சாப்பிடுகிறானா என்று பாருங்கள். திறக்க முடியாதவற்றை மாற்றுங்கள். புட்டும் கறியும் மத்தியானத்துக்கு வேண்டாம். கையால் எடுத்து உடனே வாயில் போடக்கூடியவை போதும். புட்டை மூன்றரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றரை மணியிலிருந்து ஐந்து மணிவரையான நேரத்தை மாற்றியமைப்பதுதான் உங்களுக்கு நான் சொல்லும் முதன்மையான ஆலோசனை. பிள்ளையைத் திருத்துவதற்கான நேரம் அதுவல்ல. அவனை அழைத்துவரும்போதே வாழைப்பழமோ சீஸ் துண்டோ கையில் கொடுத்துவிடுங்கள். "இன்று என்ன செய்தாய், யாரோடு விளையாடினாய்" என்ற விசாரணையை இரவுக்கு ஒத்திவையுங்கள். கழிவறைக்கு ஒரு தடவை போய்வந்ததும் ஜக்கற்றைக் கழற்றாமலே வெளியில் இறங்குங்கள்; ஸிப்புக்காக ஒரு சண்டை குறையும். நவம்பர் நடுப்பகுதியில்கூட உங்கள் பக்கத்தில் சூரியன் மறைய நாலே முக்கால் ஆகும். அதுவரை கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட வெளிச்சத்தை அடைத்த வீட்டுக்குள் அழுகையோடு கழிக்கிறீர்கள். முற்றத்து மேப்பிள் இலைகளை வார இறுதியில் கூட்டிக் கடதாசிப் பைகளில் கட்டிப் பிள்ளைகளை விரட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படியானால் ஒரு குவியலையாவது அவர்களுக்கு விட்டுவையுங்கள். இலைக்குள் குதிப்பதற்கு வரிசையும் இல்லை, ஆங்கிலமும் தேவையில்லை. உங்கள் வேலை நேரம் ஐந்து மணிவரை என்றால், மேலாளரிடம் பேசி அந்த இடைவெளியை இரவிலோ அதிகாலையிலோ ஈடுசெய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மாமியோடு அரைமணி நேரமாவது வெளியே இருக்கட்டும்.

ஏடு தொடக்கியது நல்ல காரியம். ஆனால் பகலெல்லாம் மேசையில் இருந்துவிட்டு வந்த பிள்ளையை மறுபடி மேசையில் இருத்தினால் தமிழ் எழுத்து அவனுக்குத் தண்டனையாகிவிடும். ஞாயிறு காலை, வயிறு நிறைந்திருக்கும்போது, தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதட்டும். வார நாட்களில் அப்பம்மா மடியில் வைத்துக் கதை சொல்லட்டும். அதுவும் தமிழ்தானே. இதை நீங்கள் மாமியிடம் சொல்ல வேண்டாம். மருமகள் சொன்னால் அது குறையாகக் கேட்கும். மகன் என்ற முறையில் உங்கள் கணவர் சொல்லட்டும். கண்ணூறு கழிக்க வேண்டும் என்று மாமி விரும்பினால் கழிக்கட்டும். உப்பும் மிளகாயும் சுற்றிப்போடும் அந்த ஐந்து நிமிடம் பிள்ளைக்கு அப்பம்மாவின் முழுக் கவனமும் கிடைக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை.

இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற கணவரின் கருத்தில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடிப்பதற்கும் எறிவதற்கும் எல்லை வேண்டும். "பென்சில் எறிவதற்கு இல்லை" என்று அமைதியாகச் சொல்லி அதை எடுத்துவைத்துவிடலாம். அழுகைக்குத் தண்டனை கூடாது. அது அவன் வேண்டுமென்று செய்வதல்ல. அவர் ஆறரைக்கு வரும்போது மிஞ்சியிருக்கும் குளிப்பு, பல் தீட்டல், படுக்கை மூன்றையும் முழுமையாக அவரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் அந்த நேரத்தில் மகளின் அறைக்குப் போங்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஏழு வயதுக்காரி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியமாக வந்துபோகிறாள். தொல்லை தராத பிள்ளையை நாம் கடைசியில்தான் பார்க்கிறோம். தம்பியைப் பற்றிப் பேசாமல் அவளோடு மட்டும் தினமும் கொஞ்ச நேரம் இருங்கள்.

ஐந்து மணிக்கு எழும்புவது தானாகவே தீரக்கூடியது. நவம்பர் முதல் ஞாயிறன்று அதிகாலை 2 மணியை 1 மணியாக்கினோம். பிள்ளையின் உடல் அதற்கு உடன்பட ஓரிரு வாரம் எடுக்கும். படுக்கை நேரத்தையும் உணவையும் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிந்திய நேரத்துக்கு நகர்த்துங்கள்; அதிகாலையில் அறையை இருட்டாக வைத்திருங்கள்; எழும்பியதும் திரை எதையும் கையில் கொடுக்காதீர்கள். மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகல் தூக்கத்தைச் செப்ரெம்பரில் இழந்தவன் என்பதால் அவனை ஏழரைக்கே படுக்கவைப்பதில் தவறில்லை. தடிமனைப் பற்றி அதிகம் கலங்க வேண்டாம். பாலர் வகுப்பின் முதல் ஆண்டில் ஆறு, எட்டுத் தடவை வருவது வழமை. அவனுக்கும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) தடுப்பூசி போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களைப் பற்றி. சென்ற ஆண்டும் இதே காலத்தில் இப்படி இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் விலகும் மனச்சோர்வு ஒன்று உண்டு. 1984ஆம் ஆண்டில் நோர்மன் ரோசெந்தால் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் அதை விவரித்து எழுதினார்கள். பகல் குறுகும் வட நாடுகளில் அது அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்களுக்கு இருப்பது அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. குடும்ப வைத்தியரிடம் போய், இந்தச் சோர்வு இரண்டாவது ஆண்டாக வருகிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இரும்புச்சத்து, தைரொயிட் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் (ஒளிச் செறிவின் அலகு) ஒளிவிளக்கின் முன் இருப்பது பலருக்குப் பயன் தருகிறது. கண் நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவர்களுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதால் வைத்தியரைக் கேட்ட பிறகே வாங்குங்கள். காரில் தனியாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களை நான் குறையாகக் கருதவில்லை, பிள்ளைகளோடு மாமி இருக்கும்வரை. ஆனால் கராஜ் கதவு மூடியிருக்கும்போது எஞ்சினை இயக்கக் கூடாது; அந்தப் புகை உயிருக்கு ஆபத்து. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் 9-8-8 என்ற கனடாவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

பாடசாலையிலிருந்து நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்ராறியோவில் கிண்டர்கார்டன் கட்டாயமில்லை. சட்டப்படி ஆறு வயதில்தான் பாடசாலை கட்டாயமாகிறது. எனவே நிறுத்துவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வாசலில் அழுகை நின்று, தானாகவே உள்ளே போகத் தொடங்கிவிட்ட பிள்ளையை இப்போது நிறுத்தினால் அடுத்த செப்ரெம்பரில் அந்த வாசலை மறுபடி முதலிலிருந்து கடக்க வேண்டியிருக்கும். ஆகவே நான் நிறுத்தச் சொல்லமாட்டேன். வேண்டுமானால் அதிபரிடம் பேசி, நத்தார் விடுமுறை வரை வாரத்தில் ஒரு நாள் மத்தியானத்தோடு அழைத்துவர அனுமதி கேட்டுப் பாருங்கள். மாலை நேரத்தை மாற்றியமைத்த பின்னரும் ஜனவரியில் இதே நிலை நீடித்தால், அல்லது பாடசாலையில் யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, உடை நனைகிறது, காலையில் வயிற்றுவலி என்கிறான் என்று தெரியவந்தால், சிறுவர் நல வைத்தியரிடம் அனுப்பும்படி குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். அப்போது ஆசிரியையின் குறிப்புகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்