பார்க்காத வடிகாலுக்கு ஒப்பமிடுவது பற்றி

வணக்கம். பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயனுக்கு மேலே கட்டிய தாங்கு சுவரின் பின்புற வடிகாலை மண் மூடுமுன் நீங்கள் பார்க்காத நிலையில், அது சரியாக உள்ளதென்று ஒப்பமிடுமாறு ஒப்பந்தக்காரர் நெருக்குவதாக எழுதியிருந்தீர்கள். ஒப்பமிடாதீர்கள். பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமே இத்தகைய சுவர்களைப் பெரும்பாலும் சாய்க்கிறது. நான் ஒருமுறை, சுவரில் நீர் வெளியேற விடும் வடிதுளையொன்றுக்குள் ஈர்க்கை விட்டபோது, இரண்டு அங்குலத்திலேயே அது சிமெந்தில் இடித்து நின்றது. ஓரிரு இடங்களில் தோண்டிக் காட்டுமாறு எழுத்தில் கேட்டு, பிரதியை உங்கள் மேலதிகாரிக்கும் அனுப்புங்கள். சரிவின் நிலை குறித்துத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை நாடலாம். வேலை போய்விடுமோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண்சரிவு மூடியதை நாம் அறிவோம். அடுத்த மழைக்கு முன் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.